சிவில் முடித்த பிறகு சுற்றுச்சூழல் பொறியியலில் எம்இ: எர்ணாவூரிலிருந்து ஒரு கேள்வி

எர்ணாவூர்ப்பெண்

எல்லோருக்கும் வணக்கம். பிஇ சிவில் கடைசி வருஷம் படிக்கிறேன். வீடு எர்ணாவூரில். அப்பா மணலியில் கான்ட்ராக்ட் ஃபிட்டர், அம்மா வீட்டிலேயே தையல். வகுப்பில் பாதிப் பேர் ஐடி கம்பெனிகளில் ஆஃபர் வாங்கிவிட்டார்கள். எனக்கு எம்இ சுற்றுச்சூழல் பொறியியல் படிக்க வேண்டும்.

ஏன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் சரியான பதில் கிடைக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து வந்தது. அதே மாதம் 26ஆம் தேதி இரவு பெரியகுப்பம் பக்கம் அமோனியா கசிந்து ஜனங்கள் கண் எரிச்சலோடு ரோட்டுக்கு ஓடி வந்தார்கள். அதற்கப்புறம் கையில் கருவியோடு ஆட்கள் வந்து ஏதோ ரீடிங் எழுதிக்கொண்டு போனார்கள். அது அதிகமா, கம்மியா, எதோடு ஒப்பிட்டு அப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்கிற அளவுக்கு எங்கள் தெருவில் யாருக்கும் விஷயம் தெரியாது. எனக்கு அந்த ரீடிங்கைப் படிக்கவும் தெரிய வேண்டும், நானே எடுக்கவும் தெரிய வேண்டும்.

வேலை கிடைக்குமா? எம்இ சேர கேட் என்ற நுழைவுத் தேர்வு எழுதணுமா, வேறு வழி உண்டா? ரெண்டு வருஷம் வீட்டில் சம்பளம் கொடுக்காமல் இருக்க முடியுமா என்பதுதான் அப்பாவின் கேள்வி. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தண்டையார்பேட்டை_சிவில்

தங்கச்சி, நேராகவே சொல்கிறேன். நான் இதே எம்இ முடித்தவன். சேர்ந்தது ஒரு தனியார் கல்லூரி, பெயர் வேண்டாம். லேபில் தண்ணீரில் எவ்வளவு கழிவு என்று பார்க்கிற சிஓடி சோதனைக் கருவி இருந்தது. அதற்கான ரசாயனம் (ரீஏஜென்ட்) வாங்கப் பணம் ஒதுக்காததால் உறை போட்டு மூடியே கிடந்தது. சீனியர் எடுத்த ரீடிங்கைப் பார்த்து ரெக்கார்டு நோட் எழுதினோம். வெளியே வந்தபோது ஒரு கன்சல்டன்சியில் கொடுத்த சம்பளம், பிஇ முடித்துவிட்டு எனக்கு முன்னால் சேர்ந்திருந்த பையனைவிடக் குறைவு. இப்போது கட்டட சைட்டில்தான் இருக்கிறேன்.

படிப்பைக் குறை சொல்லவில்லை. எங்கே படிக்கிறாய் என்பதுதான் எல்லாம். சேர்வதற்கு முன்னால் அந்தக் கல்லூரி லேபுக்குப் போய் நின்று பார். இன்குபேட்டருக்குள் இன்றைக்கு பாட்டில் இருக்கிறதா? நச்சுப் புகையை வெளியே இழுக்கிற ஃபியூம் ஹூட் வேலை செய்கிறதா? போன வருஷம் முடித்தவர்களின் புராஜெக்ட் ரிப்போர்ட்டைப் புரட்டிக் காட்டச் சொல். காட்டத் தயங்கினால் அங்கே ஃபீஸ் கட்டாதே.

கொடுங்கையூர்_ஷிப்ட்

மேலே அண்ணன் சொன்னதில் ஒரு பாதிக்கு நான் சாட்சி. எஸ்டிபி என்கிற கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் ஷிப்ட் இன்சார்ஜாக இருக்கிறேன். எம்இ படித்தவர்கள் எங்களிடம் டிரெயினியாக வருவார்கள். எஃப்-எம் விகிதம், எம்எல்எஸ்எஸ் என்று தொட்டிக் கணக்கெல்லாம் மடமடவென்று சொல்வார்கள். கழிவுநீருக்குக் காற்று ஊதுகிற ஏரேஷன் டேங்க் முன்னால் நிறுத்தி "இன்றைக்கு டேங்க் நன்றாக இருக்கிறதா?" என்று கேட்டால் விழிப்பார்கள்.

நாங்கள் ஒவ்வொரு ஷிப்டிலும் செய்கிற ஒரு சின்ன சோதனையைச் சொல்கிறேன். ஏரேஷன் டேங்கிலிருந்து ஒரு லிட்டர் அளவுஜாடி நிறைய எடுத்து மேடையில் வைப்போம். முப்பது நிமிஷம் தொடக்கூடாது. நல்ல ஸ்லட்ஜ் (கழிவைத் தின்கிற நுண்ணுயிர்ச் சேறு) என்றால் சாக்லேட் நிறத்தில் திரள் திரளாகச் சேர்ந்து, 250, 300 மில்லி கோட்டுக்கு இறங்கிவிடும். மேலே தெளிந்த தண்ணீர் நிற்கும். முகர்ந்தால் மழை விழுந்த மண் வாசனை வரும். சில நாள் புளித்த மாவு பொங்கின மாதிரி 800 கோட்டிலேயே நின்றுவிடும், இறங்காது. இழை இழையான பாக்டீரியா பெருகிவிட்டது என்று அர்த்தம். காற்று போதவில்லையா, சத்துக் குறைவா, யாராவது ராத்திரி லாரியில் எதையாவது கொண்டுவந்து லைனில் கொட்டினார்களா என்று தேட வேண்டும். ஸ்லட்ஜ் கறுத்து அழுகின முட்டை நாற்றம் அடித்தால் முதலில் காற்று ஊதுகிற புளோயரைப் பார்க்க ஓடுவோம்.

இதெல்லாம் புத்தகத்திலும் இருக்கிறது. ஆனால் ஜாடியையும் புத்தகக் கணக்கையும் சேர்த்துப் பார்க்கத் தெரிந்தவருக்கு எங்கள் துறையில் வேலைக்குப் பஞ்சமே இல்லை. நம் பக்கத்திலேயே பார். கொடுங்கையூரில் கழிவுநீரை மூன்றாம் கட்டம் வரை சுத்திகரித்து, ஆர்ஓ மெம்பிரேன் என்ற மெல்லிய சவ்வில் வடிகட்டி, நாளைக்கு நாலரைக் கோடி லிட்டர் அளவுக்கு மணலி, எண்ணூர் தொழிற்சாலைகளுக்கு அனுப்புகிற நிலையம் 2019இலிருந்து ஓடுகிறது. நாம் குளியலறையில் விட்ட தண்ணீர் அங்கே கூலிங் டவருக்குப் போகிறது. அந்த அளவுக்கு நல்ல தண்ணீர், குடிக்கிற ஜனங்களுக்கு மிச்சம். மெம்பிரேன் அடைத்துக்கொண்டால் ஏன் என்று சொல்லத் தெரிந்த இஞ்சினியரை இந்த மாதிரி இடங்களில் தேடிக்கொண்டே இருக்கிறார்கள். நான் டிப்ளமோதான். நீ படி.

கிண்டி_பழைய_மாணவி

தங்கச்சி, நான் திருவொற்றியூர். கிண்டி அண்ணா பல்கலையில் எம்இ முடித்தேன். முதலில் அப்பாவின் கேள்விக்கு வருகிறேன்.

கேட்டில் தகுதி பெற்று, ஏஐசிடிஇ (தொழில்நுட்பக் கல்விக் கவுன்சில்) அனுமதியுள்ள கல்லூரியில் முழுநேர எம்இ சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு, 24 மாதம் வரை. ஐஐடி, என்ஐடியிலும் அதே அளவுதான். சம்பளம் இல்லை என்றாலும் வீட்டில் கை நீட்ட வேண்டாம். கேட் இல்லாமல், அண்ணா பல்கலை நடத்துகிற சீட்டா-பிஜி தேர்வு எழுதியும் கவுன்சலிங் வழியாகச் சேரலாம். முன்பு டான்செட் என்ற மாநில நுழைவுத் தேர்வில் இருந்ததை 2023இல் பிரித்துத் தனித் தேர்வாக்கினார்கள். ஆனால் அந்த வழியில் போனால் இந்த உதவித்தொகை கிடையாது. எஸ்சி, எஸ்டி மாணவர் என்றால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையைத் தனியாகப் பார்க்க வேண்டும்; அதற்குக் குடும்ப வருமான வரம்பு ரெண்டரை லட்சம்.

கேட்டில் சிவில் தாள் மட்டும்தான் என்று நினைத்துவிடாதே. 2021இலிருந்து சுற்றுச்சூழல் அறிவியல் மற்றும் பொறியியல் என்றே தனித் தாள் இருக்கிறது. வேதியியல், நுண்ணுயிரியல், நீரியல், குடிநீர் மற்றும் கழிவுநீர் சுத்திகரிப்பு, காற்று, ஒலி, திடக்கழிவு எல்லாம் வரும். எந்தக் கல்லூரி எந்தத் தாளை ஏற்கிறது என்பதை முதலில் பார்த்துவிட்டு விண்ணப்பம் போடு. மதிப்பெண் மூன்று வருஷம் செல்லும். அதனால் இந்த வருஷம் எழுதிவிட்டு, ஒரு வருஷம் வேலை பார்த்துவிட்டுக்கூட சேரலாம்.

கிண்டியில் சிவில் துறையில் சுற்றுச்சூழல் பொறியியலும், சுற்றுச்சூழல் ஆய்வு மையத்தில் சுற்றுச்சூழல் மேலாண்மையும் இருக்கின்றன. ரெண்டும் ஒன்றல்ல, நீ சொல்கிற ஆசைக்கு முதலாவது. சென்னை ஐஐடி, திருச்சி என்ஐடி, கோவை ஜிசிடி எல்லாவற்றிலும் இந்தப் படிப்பு உண்டு. வீட்டிலிருந்தே போய் வர வேண்டும் என்றால் கிண்டி உனக்கு வசதி. விம்கோ நகரில் மெட்ரோ ஏறினால் மாறவே வேண்டாம், சின்னமலையில் இறங்கலாம். 2021க்கு முன்னால் படித்த எங்களுக்கு அது இல்லை. காலையில் பஸ்ஸில் நின்றே பாதி உயிர் போய்விடும்.

அப்புறம் உன் அமோனியா கேள்வி. நம் நாட்டுக் காற்றுத் தர அளவுகோல்படி அமோனியா 24 மணி நேர சராசரியாக ஒரு கன மீட்டருக்கு 400 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. ஆனால் கசிவு நிமிஷக் கணக்கில் நடந்து முடிந்துவிடும். கால் மணி நேரம் மூச்சு முட்டுகிற அளவுக்கு ஏறிய காற்றை மீதி நாளோடு சேர்த்து சராசரி எடுத்தால் எண் சாதுவாகத் தெரியும். அதனால் யாராவது ஓர் எண்ணைக் காட்டினால், "எத்தனை நேரச் சராசரி? எந்த இடத்தில், காற்று எந்தப் பக்கம் அடித்தபோது எடுத்தது?" என்று கேள். இந்தக் கேள்வியைக் கேட்கக் கற்றுக்கொடுப்பதுதான் இந்தப் படிப்பு. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

எர்ணாவூர்ப்பெண்

ரொம்ப நன்றி அக்கா. எத்தனை நேரச் சராசரி என்ற கேள்வியை அன்றைக்கு யாருமே கேட்கவில்லை. கணக்கு எவ்வளவு வரும்? எனக்கு கணக்கு பயமில்லை, ஆனால் வகுப்பில் எல்லோரும் "அது மரம் நடுகிற படிப்பு" என்கிறார்கள்.

கிண்டி_பழைய_மாணவி

முழுக்கக் கணக்குதான். ஒரு தொட்டிக்குள் எவ்வளவு வருகிறது, எவ்வளவு போகிறது, உள்ளே எவ்வளவு மாறுகிறது என்ற ஒரே சமன்பாட்டை ரெண்டு வருஷமும் வேறு வேறு உருவத்தில் போடுவாய். ஆற்றில் கழிவு கலந்தால் எத்தனை கிலோமீட்டர் தள்ளி ஆக்சிஜன் மிகக் குறைவாக இருக்கும் என்பதற்கு 1925இல் ஸ்ட்ரீட்டர், பெல்ப்ஸ் என்ற இருவர் கொடுத்த சமன்பாட்டை இன்றைக்கும் கற்பிக்கிறார்கள். ஆனால் அது ஒரே திசையில் ஓடுகிற ஆற்றுக்கு. பக்கிங்காம் கால்வாயிலும் கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்திலும் தண்ணீர் கடலோடு ஏறி இறங்குகிறது, அதை அப்படியே போட முடியாது. அங்கேதான் உன் மாதிரி ஊர் தெரிந்த பெண்ணுக்கு வேலை இருக்கிறது.

முகத்துவாரம்

எல்லாம் சரி. நான் மீனவக் குடும்பம். எங்கள் அம்மா, பெரியம்மா எல்லாம் கழுத்தளவு தண்ணீரில் நின்று கையால் இறால் தடவி எடுத்தவர்கள். இப்போது காலை வைத்தால் அனல் மின் நிலையச் சாம்பல் சேறு. ஒரு விஷயம் கேட்கிறேன், யாரும் தப்பாக எடுக்க வேண்டாம்.

இந்தப் படிப்பு படித்தவர்கள் எங்கே வேலைக்குப் போகிறார்கள்? எங்களுக்குத் தெரிந்து கம்பெனிக்குத்தான். புதுத் திட்டங்களுக்கான கருத்துக்கேட்புக் கூட்டத்தில் கோட்டு போட்டுக்கொண்டு மேடையில் உட்கார்ந்து "பாதிப்பு இல்லை" என்று ஸ்லைடு காட்டுகிறவர் இந்தப் படிப்புதான் படித்திருக்கிறார். 2009இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே மணலிக்கு மாசு மதிப்பெண் 76.32 என்று போட்டு, மிகக் கடுமையாக மாசடைந்த பகுதி என்று பட்டியலில் சேர்த்தது. 70க்கு மேலே போனாலே அந்தப் பட்டியல்தான். அதற்கப்புறமும் எத்தனை பேர் படித்து வந்தார்கள், எங்கள் தண்ணீரில் என்ன மாறியது? தங்கச்சி நல்ல மனசோடு கேட்கிறது. ஆனால் கடைசியில் அதுவும் அந்த மேடையில்தான் போய் உட்காரும் என்று எனக்கு பயம்.

பெரம்பூர்_ஈஐஏ

அண்ணா, நான் அந்த மேடைக்குப் பின்னால் வேலை செய்கிறவன். உங்கள் கோபம் நியாயம்தான், அதனால் ஒளிக்காமல் சொல்கிறேன்.

சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையை நாபெட் என்ற அமைப்பின் அங்கீகாரம் உள்ள கன்சல்டன்ட்தான் தயாரிக்க முடியும். ஆனால் அவருக்குச் சம்பளம் கொடுப்பது திட்டத்தைக் கொண்டுவருகிற கம்பெனி. இந்த ஏற்பாட்டில் உள்ள கோளாறு ஊருக்கே தெரியும், நான் மறுக்க மாட்டேன். ஆனாலும் அந்த அறிக்கைக்குள் காற்றுக்கு ஒருவர், நீருக்கு ஒருவர், மண்ணுக்கு ஒருவர் என்று கையெழுத்துப் போட வேண்டும். அதில் ஒருவர் அந்த ஊரைத் தெரிந்தவராக இருந்தால் என்ன மாறும் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன்.

திட்டம் வருவதற்கு முன் ஊர் எப்படி இருக்கிறது என்பதற்கான அடிப்படைத் தரவு என்று ஒரு பருவம், மழைக்காலம் தவிர்த்து மூன்று மாதம் எடுத்தால் போதும் என்பதுதான் பொதுவாக நடக்கிறது. நம் ஊரில் மழைக்காலம் எது? அக்டோபர் முதல் டிசம்பர். நமக்கு எண்ணெய் வந்தது எப்போது? டிசம்பர் வெள்ளத்தில். சாம்பல் குட்டையும் கால்வாயும் நிரம்பி ஒன்றோடொன்று கலக்கிற மாதங்கள் அறிக்கையில் இல்லவே இல்லை. வெளியூர்க்காரருக்கு இது தோன்றாது. எண்ணூரில் வளர்ந்த பெண்ணுக்கு முதல் நாளே தோன்றும். "மழைக்காலத்திலும் மாதிரி எடுங்கள்" என்று அவள் எழுதி வைத்தால், அந்த வரியை மதிப்பீட்டுக் குழுவில் யாராவது படித்தாக வேண்டும்.

இன்னொன்று. கூட்டத்துக்கு 30 நாள் முன்னால் அறிவிப்பு வர வேண்டும், அறிக்கையின் சுருக்கம் தமிழில் இருக்க வேண்டும். இது 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையிலேயே இருக்கிறது. அந்தச் சுருக்கத்தையும் முழு அறிக்கையையும் பக்கம் பக்கமாக ஒப்பிட்டுப் பார்க்க உங்கள் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும் அண்ணா. அந்த ஆள் படித்துத்தானே வர வேண்டும்?

முகத்துவாரம்

மழைக்காலத்தை விட்டுவிடுகிறார்கள் என்பது எனக்கு இன்றைக்குத்தான் தெரியும். இத்தனை கூட்டத்துக்குப் போயிருக்கிறோம், எங்களில் ஒருவரும் அதைக் கேட்டதில்லை. அடுத்த கூட்டத்தில் கேட்போம்.

தண்டையார்பேட்டை_சிவில்

கம்பெனி வேலை என்றாலே தப்பு என்றும் இல்லை. கம்பெனியின் கழிவுநீரைச் சுத்திகரிக்கிற ஈடிபியை ராத்திரியில் நிறுத்திவிட்டு, கழிவை அப்படியே வெளியே விட பைபாஸ் திறக்கச் சொன்னால் முடியாது என்று சொல்லவும் உள்ளே ஒருவர் இருக்க வேண்டும். அப்படிச் சொன்னதால் வேலையை விட்டவரையும் எனக்குத் தெரியும், சொல்லிவிட்டு அங்கேயே நிலைத்தவரையும் தெரியும். அரசு வேலை வேண்டும் என்றால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் உதவிப் பொறியாளர் பணி இருக்கிறது, ஆனால் அடிக்கடி எடுப்பதில்லை. அதை மட்டும் நம்பி உட்கார வேண்டாம்.

ஸ்டுட்கார்ட்_ராயபுரம்

வெளிநாடு பற்றி யாரும் சொல்லவில்லை, அதனால் சுருக்கமாக. ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் பல்கலையில் காற்றுத் தரம், திடக்கழிவு, கழிவுநீர் மூன்றையும் சேர்த்து ஆங்கிலத்திலேயே முதுகலை உண்டு. அந்த மாநிலத்தில் வெளிநாட்டு மாணவர்களுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ கட்டணம். அது போக விசாவுக்காக ஒரு வருஷச் செலவுக்கான பணத்தை முன்கூட்டியே முடக்குக் கணக்கில் காட்ட வேண்டும், இப்போது 11,904 யூரோ. இந்திய மாணவர்களுக்கு, படிப்புச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்றிதழும் கட்டாயம். டாட் (DAAD) என்ற ஜெர்மன் அமைப்பின் உதவித்தொகையில் வளரும் நாடுகளுக்கென்று உள்ள பிரிவுக்குக் குறைந்தது ரெண்டு வருஷ வேலை அனுபவம் கேட்பார்கள். உன் வீட்டு நிலைமைக்கு, கடன் வாங்கிக்கொண்டு இப்போதே வருவதைவிட, இங்கே எம்இ முடித்து, வேலை பார்த்து, அப்புறம் அந்த உதவித்தொகையில் பிஎச்டிக்கோ இன்னொரு முதுகலைக்கோ வருவது நல்லது.

எர்ணாவூர்ப்பெண்

எல்லோருடைய பதிலையும் ராத்திரி அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். 12,400 என்றதும் கொஞ்சம் நிம்மதியானார். முகத்துவாரம் அண்ணன் எழுதியதைக் கேட்டுவிட்டு, "அந்தத் தம்பி சொல்றதை மறக்காதே" என்றார். கேட் எழுத முடிவு செய்துவிட்டேன். அதுவரை சும்மா இருக்க விருப்பமில்லை. சேர்வதற்கு முன்னாலேயே இங்கிருந்து நான் செய்யக்கூடியது ஏதாவது உண்டா?

கிண்டி_பழைய_மாணவி

உண்டு, செலவே இல்லாமல். மணலி, மணலி கிராமம், கொடுங்கையூர், ராயபுரம் நாலு இடத்திலும் தொடர்ந்து காற்றை அளக்கிற நிலையங்கள் இருக்கின்றன. மத்திய வாரியத்தின் இணையதளத்தில் மணி வாரியாகத் தரவை இறக்கிக்கொள்ளலாம். ஜனவரி மாதத்தை மட்டும் எடு. போகி அன்று அதிகாலை பிஎம் 2.5 என்ற நுண்துகள் அளவு எங்கே போகிறது, கடல்காற்று உள்ளே வந்த பிறகு எப்படி இறங்குகிறது என்று வரைந்து பார். அதோடு காற்றின் திசையையும் சேர்த்து வை. எந்தத் திசையிலிருந்து அடிக்கும்போது மணலியில் கந்தக டைஆக்சைடு ஏறுகிறது என்று பார்த்தால் உனக்கே நிறையக் கேள்வி வரும். நடுவில் தரவு இல்லாத மணி நேரங்களையும் குறித்து வை. எப்போதெல்லாம் கருவி ஓடவில்லை என்பதும் ஒரு தகவல்தான். நேர்முகத்தில் இதை எடுத்து வைத்தால் பேராசிரியர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

லேப்_வேலை

தண்ணீர் பக்கம் நான் சொல்கிறேன். தனியார் பரிசோதனைக் கூடத்தில் கெமிஸ்டாக இருக்கிறேன். கரைந்த ஆக்சிஜன் பார்க்கிற விங்க்ளர் முறையை உன் கல்லூரி லேபிலேயே கேட்டுப் பழகு. 300 மில்லி பிஓடி பாட்டிலில் குமிழி ஒன்றுகூட சிக்காமல் தண்ணீரை வழிய வழிய நிரப்பி, மாங்கனஸ் சல்பேட், அப்புறம் ஆல்கலி அயோடைடு அசைடு, ரெண்டையும் பிப்பெட் முனை தண்ணீருக்குள் இருக்கும்படி விட்டு, மூடித் தலைகீழாகக் குலுக்கு. பழுப்புப் படிவு விழுந்தால் ஆக்சிஜன் இருக்கிறது. வெள்ளையாகவே விழுந்தால் அந்தத் தண்ணீரில் ஆக்சிஜன் இல்லை, மீனுக்கு மூச்சே கிடையாது. கறுத்த கால்வாய்த் தண்ணீரில் அந்த வெள்ளையைப் பார்க்கத் தயாராக இரு. அமிலம் விட்டுக் கரைத்து, தயோசல்பேட்டால் டைட்ரேட் செய்யும்போது கடைசியில்தான் ஸ்டார்ச் விடணும், நீலம் போகிற அந்த ஒரு சொட்டில் நிறுத்தணும். பிஓடி, அதாவது கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்கிற ஆக்சிஜன், நம் நாட்டில் 27 டிகிரியில் மூன்று நாள் வைத்துப் பார்ப்பது. வெளிநாட்டுப் புத்தகத்தில் 20 டிகிரி, ஐந்து நாள் என்று போட்டிருக்கும், குழம்பாதே.

முகத்துவாரம்

தங்கச்சி, மாதிரி எடுக்கணும் என்றால் காட்டுக்குப்பத்தில் எங்கள் படகு இருக்கிறது. அப்பாவையும் கூட்டிக்கொண்டு வா. சாம்பல் எங்கே படிந்திருக்கிறது, சூடான தண்ணீர் எங்கே வந்து விழுகிறது, எல்லா இடமும் காட்டுகிறேன். எத்தனை பாட்டில் கொண்டு வரணும், எந்த நேரம் நல்லது என்று லேப் தம்பி சொன்னால் நான் ஆள் சொல்லி வைக்கிறேன்.

லேப்_வேலை

அண்ணா, தண்ணீர் ஏறும்போது ஒரு முறை, வற்றும்போது ஒரு முறை, ரெண்டு நேரமும் அதே இடங்களில் எடுக்கணும். ஒவ்வொரு இடத்திலும் மேலே ஒன்று, அடியில் ஒன்று. அப்போ நீங்கள் நாலு இடம் காட்டினால் பதினாறு பாட்டில். முதல் ரெண்டு ரீஏஜென்டையும் படகிலேயே விட்டுவிடணும், கரைக்கு வந்து விடலாம் என்று வைத்தால் அளவு மாறிவிடும். தங்கச்சி, ரீஏஜென்டை உன் லேபில் கேட்டு சின்ன பாட்டிலில் வாங்கிக்கொள், கையுறையும் கண்ணாடியும் கட்டாயம், ஆல்கலி கையில் பட்டால் புண்ணாக்கிவிடும். ஐஸ் பெட்டி நான் கொண்டு வருகிறேன். உப்பு, வெப்பநிலை அளக்கிற மீட்டரும் கேட்டுப் பார்க்கிறேன். சூடான தண்ணீர் விழுகிற இடத்தில் அது இல்லாமல் எடுத்துப் பிரயோஜனம் இல்லை.